ஜோடி என்று கேட்டு வாங்கிய மீன்

ஊசிக்குக் கோபம் வருவது புதிதல்ல. மூக்கு நுனியிலேயே அது பாய் விரித்துப் படுத்திருக்கும். ஆனால் அன்றைக்கு வந்தது அந்த மூக்கு நுனிக் கோபம் இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வேலை முடிந்து மாடி ஏறி வந்தவள், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜன்னலோர மேசையில் அவளுடைய மீன்தொட்டி. தொட்டிக்குள் அவளுடைய மீன். அது சரி. அதற்கு எதிரே இன்னொரு மீன் என்ன செய்கிறது? அதே கருநீலம், அதே சிவப்பு ஓரம். இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று வளைய வந்துகொண்டிருந்தன. தண்ணீரில் நீலநீலமாக ஏதோ மிதந்தது. பேன்ட்டைக் குட்டையாக்கும்போது வெட்டித் தள்ளுகிற ஓரத்துணி மாதிரித் துணுக்குத் துணுக்காக.

நாற்காலியில் அவளுடைய அண்ணன்காரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“வா பாப்பா, வா. உன் மீனுக்குப் பொண்ணு பார்த்துட்டேன். பார்த்ததுமே ரெண்டுக்கும் பிடிச்சுப்போச்சு. என்னமா ஆடுதுங்க பாரு!”

“அது ஆடலண்ணே. கிழிக்குது.”

சொல்லும்போதே அடுப்படிக்கு ஓடி டீ வடிகட்டியை எடுத்துவந்தாள். கையை விட்டுக் கலக்கி, புதுசாக வந்ததை அள்ளித் தண்ணீர் ஜக்கில் போட்டாள். அவ்வளவு களேபரத்திலும் அந்த மீன் வடிகட்டியைக் கடிக்கப் பார்த்தது. அவளுடைய மீனோ தொட்டியின் அடியில் போய்ச் சாய்ந்து கிடந்தது. விசிறி மாதிரி இருந்த வால் இப்போது ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாகத் தொங்கியது. மேல்துடுப்பில் பாதியைக் காணோம்.

அண்ணனுக்கு அப்போதும் விளங்கவில்லை. “புதுசு இல்லையா, முதல்ல கொஞ்சம் முட்டிக்கும் மோதிக்கும். அப்புறம் சரியாயிடும். நீ வந்து பிரிச்சு விட்டுட்ட.”

இந்த இடத்தில் ஊசி யாரென்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அழைப்பது வங்கிக்காரர்கள் மட்டும்தான். கடைத்தொகுதி ஒன்றின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இரண்டு தையல் மிஷின் போட்ட ஒரு இடுக்கு. அங்கே ஆல்டரேஷன் வேலை செய்கிறாள். புதுத்துணி தைப்பது கிடையாது. பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், போன ஜிப்பை மாற்றுவாள். ஆளும் ஊசி மாதிரி ஒல்லி, வாயும் ஊசி. அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு மட்டும் அவள் பாப்பா.

கட்டிக்கொண்ட ஆளை விட்டு வெளியே வந்து இந்த ஒற்றை அறையைப் பிடித்தபோது அவள் தனக்கென்று வாங்கிய முதல் சாமான் இந்த மீன்தான். கட்டில்கூட அதற்கப்புறம்தான் வந்தது. மீன்கடையில் இருந்தவர், “இது ஃபைட்டரும்மா, கூட எதையும் போட்டுடாதீங்க. தனியாதான் இருக்கும், தனியா இருந்தாத்தான் அழகா இருக்கும்” என்றார். “அப்படியா? அப்ப இதையே குடுங்க” என்று வேறெதையும் பாராமல் வாங்கி வந்துவிட்டாள். அது வாலை விரித்துக்கொண்டு, எவன் எனக்குச் சமம் என்று தொட்டிக்குள் உலாத்துவதைப் பார்த்து ‘தொரை’ என்று பேர் வைத்தாள். வேலை விட்டு வந்ததும், “என்ன தொரை, சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள்.

அண்ணன் கெட்டவனில்லை. சரக்கு வண்டி ஓட்டுகிறவன். தங்கை வீட்டுக் குழாய் ஒழுகினால் வந்து பார்க்கட்டும் என்று ஒரு சாவி அவனிடம் இருந்தது. அன்றைக்கும் குழாய் பார்க்கத்தான் வந்தான். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதுவும் ஒற்றையாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. ஒற்றைச் செருப்பு, ஒற்றை நாற்காலி, ஒற்றை மீன், ஒற்றைத் தங்கை, எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும்.

“உன்னைக் கேட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே. அதான் கேக்கல. பாவம், தனியா கிடக்கே, ஒரு துணை வேண்டாமா அதுக்கு?”

“அது பாவம்னு உங்கிட்ட வந்து அழுதுச்சா?”

“மீனுக்கு வாய் இருக்கா சொல்ல?”

“எனக்கு வாய் இருக்குல்ல!”

அண்ணன் தொண்டையைச் செருமினான். அவன் செருமினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். “சரி விடு. உங்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரேன். மனசு மாறிட்டான். ஒரு தடவை உக்காந்து பேசுங்க. புருசன் பொண்டாட்டின்னா சண்டை வரத்தான் செய்யும்.”

ஊசி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் நடுவில் வளைந்து, வேறு யாருடைய விரலையோ கொண்டுவந்து ஒட்டினாற்போல் இருக்கும். கத்தரிக்கோல் பிடிக்கும்போதெல்லாம் இடிக்கும்.

“இது சண்டையா? சண்டைன்னா ரெண்டு பேரு அடிச்சுக்கணும். மடக்கினது ஒருத்தன், கத்தினது ஒருத்தி. அதுக்கு என்ன பேரோ, அந்தப் பேரைச் சொல்லு. சண்டைன்னு சொல்லாதே.”

“பழசையே கிண்டிக்கிட்டு இரு” என்று முணுமுணுத்தபடி அண்ணன் எழுந்துபோனான். சாவி அவன் சட்டைப்பையில் போனது.

மறுநாள் அந்தப் புது மீனை ஒரு பிஸ்கட் ஜாடியில் விட்டு, ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். வழியெல்லாம் என்னென்ன கேட்பது என்று வாய்க்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டே போனாள்.

“பொண்ணு மீனுன்னு சொல்லி ஆணைக் கொடுத்திருக்கீங்க. கண்ணு தெரியுதா இல்லையா?”

கடைக்காரர் ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “பொண்ணு மீனுன்னு யாரும்மா கேட்டா? ஒருத்தர் வந்து போன்ல ஒரு போட்டோ காட்டி, இதுக்கு ஜோடி வேணும்னார். எங்க கடையில ஜோடின்னா ஒரே நிறம், ஒரே அளவு. ஷோகேஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் குடுவை, அந்தப் பக்கம் ஒரு குடுவைன்னு வைப்பாங்க. அதுக்குத்தான் ஜோடி கேப்பாங்க. நானும் தேடித்தேடி ஒத்துப்போற மாதிரி எடுத்துக் கொடுத்தேன். ஒண்ணா ஊத்துவார்னு கனவா கண்டேன்?”

ஜோடி! அண்ணனுடைய ஜோடி வேறு, கடைக்காரருடைய ஜோடி வேறு. இருவர் சொன்னதும் ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு வாலைப் பறிகொடுத்தது அவளுடைய தொரை.

“சரி, இதைத் திரும்ப எடுத்துக்கோங்க.”

“வால் கிழிஞ்ச மீனை யாரு வாங்குவா? ஒரு ஓரமா வச்சிருங்க, அதுவா போயிரும்.”

அடங்கியிருந்த கோபம் மறுபடி பொங்கியது. “கிழிஞ்சதையெல்லாம் தூக்கிப் போடுறதுன்னா நான் எதுக்குக் கடை போட்டு உக்காந்திருக்கேன்? என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.”

அவள் குரலைக் கேட்டு மற்ற வாடிக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, கடைக்காரர் மளமளவென்று சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் சுத்தமாக இருக்கணும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்து ஊற்றணும். மொத்தத்தையும் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றணும். மீனுக்கென்றே விற்கிற உப்பு ஒரு சிட்டிகை, அதுவும் கரைத்து. காய்ந்த பாதாம் இலை ஒன்று போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், அது புண்ணுக்கு நல்லது. ஜில்லென்று விடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது.

“மருந்து போட்டு, கையை விட்டுத் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்கம்மா. வால் தானா வளரும். நீங்க சும்மா இருக்கணும், அதுதான் கஷ்டம்.”

கஷ்டம்தான். கிழிசலைக் கண்டால் ஊசிக்கு விரல் தானாக நூலைத் தேடும். உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து, வெளியே தெரியாமல் இழையோட்டித் தந்துவிடுவாள். இந்த வாலுக்கு எந்த நூலைப் போடுவது? தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வேலையில்லாத கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் செடியின் முனை குத்தும் என்று அதைப் பிடுங்கி எறிந்தாள். நீந்த முடியாமல் மூச்சு வாங்க மேலே வரத் திணறுகிறதே என்று தண்ணீரைக் குறைத்தாள். தொட்டியைச் சுற்றிப் பழைய கம்பளித் துணி ஒன்றைப் போர்த்தினாள். புது மீனின் ஜாடிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சட்டைப்பெட்டி அட்டையை நிறுத்தினாள். அதையும் சேர்த்துத்தான் கவனித்தாள். கிழித்தது அதுதான் என்றாலும், அதன் வாலும் நாராகத்தான் கிடந்தது. தானாக நடந்து வந்து அது தொட்டியில் குதிக்கவில்லையே. ஒரே தண்ணீரில் ஊற்றியவனை விட்டுவிட்டு மீனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

கடையில் பக்கத்து மிஷினில் சட்டைக்குக் காஜா எடுக்கிற காஜாக்காவிடம் கதையைச் சொன்னாள். காஜாக்கா சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்தது.

“பொண்ணுன்னு கூட்டிட்டு வந்தது மாப்பிள்ளையா போச்சா! அப்ப அதுக்கு மாப்பிள்ளைன்னே பேரு வச்சிரு.”

“சிரிக்காதீங்கக்கா. பத்திக்கிட்டு வருது.”

“மீனுக்காகவா, ஞாயித்துக்கிழமைக்காகவா?”

ஊசி மிஷினை மிதித்த மிதியில் நூல் அறுந்தது.

முதல் சில நாள் தொரை எதையும் தின்னவில்லை. போட்ட உணவு ஊறி அடியில் போய்ப் படிந்தது; அவள் அதை உறிஞ்சி எடுத்தாள். வாலின் விளிம்பு கருத்தது. அழுகுகிறதோ என்று பயந்து, கடைக்காரர் சொன்னதை மறந்து மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றிவிட்டாள். மீன் இன்னும் சோர்ந்து, பக்கவாட்டில் சரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். “நானும் அண்ணனை மாதிரியே கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்குறேனே!” அதற்கப்புறம் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். காலையில் ஒரு குவளை எடுப்பாள், ஒரு குவளை ஊற்றுவாள், அவ்வளவுதான். அண்ணன் போன் செய்தால் எடுக்கவில்லை. அண்ணி செய்தபோது எடுத்தாள்.

“ஏம்மா, அவரு ஞாயித்துக்கிழமை வரோம்னு நிக்கிறாரு. நான் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. அடுத்த வாரத்துக்காவது தள்ளி வச்சிருக்கேன்” என்றாள் அண்ணி.

“தள்ளி வைக்க இது என்ன பல் பிடுங்குறதா அண்ணி? நான் வரச் சொல்லவே இல்ல.”

ஒருநாள் காலையில் தொரை மேலே வந்து ஒரு குருணை உணவைக் கவ்வியது. கவ்விவிட்டு, இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பதுபோல் திரும்பிக்கொண்டது. பழைய திமிர்! ஊசிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். கருத்திருந்த விளிம்புக்கு வெளியே, கண்ணாடித் தாள் மாதிரி நிறமே இல்லாத மெல்லிய சவ்வு ஒன்று ஓடியிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால்தான் தெரியும். வால் வளர்கிறது. ஊசி படாமல், நூல் படாமல், யாரும் வந்து சேர்த்து வைக்காமல்.

அண்ணி தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழே வண்டிச் சத்தம் கேட்டது. ஊசி ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணன் வண்டி. ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் அந்த ஆள். தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், மனசு மாறின ஆள் எப்படி உட்காருவானோ அப்படி உட்கார்ந்திருந்தான். அவளுடைய சுண்டுவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியது.

அண்ணன் சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கதவைத் தட்டவில்லை.

“கீழ வண்டியிலதான் இருக்கான். நீ சரின்னு சொன்னா மேல கூப்பிடுறேன். பத்து நிமிசம் பேசு, போதும்.”

“மாட்டேன்.”

“எத்தனை நாளைக்கு இப்படி ஒண்டியா கிடப்பே? வயசான காலத்துல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்க ஆள் வேணாமா?”

“எனக்குக் கை இருக்கு. அதுல ஒரு விரலைத்தான் அவன் ஒடிச்சான், மிச்சம் நல்லாத்தான் இருக்கு. நானே எடுத்துக் குடிச்சுக்குவேன்.”

“உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா” என்று அண்ணன் மேசைப் பக்கம் திரும்பினான். “இதுங்க எப்படி இருக்கு? அட, தேறிடுச்சே! இதுக்கு நடுவுல என்ன அட்டை? முகத்தையாவது பார்த்துக்கட்டுமே, பாவம்” என்று அவள் பாயும் முன் அட்டையை உருவிவிட்டான்.

தொரை ஜாடியைப் பார்த்தது. அவ்வளவுதான். செவுள் இரண்டும் கறுப்பாக விரிந்தன. உடம்பெல்லாம் நிறம் ஏறியது. மிச்சமிருந்த வாலையும் புது சவ்வையும் ஒரே வீச்சில் விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதியது. அந்தப் பக்கம் ஜாடிக்குள் மாப்பிள்ளை மீன் மோதியது. ஊசி அட்டையைப் பிடுங்கி நடுவில் செருகினாள். ஆனால் பார்த்துவிட்டாள். நேற்றுத்தான் முளைத்த அந்தக் கண்ணாடித்தாள் இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. அதுதான் அண்ணனைப் பயமுறுத்தியது. கத்துகிற ஊசியை அவனுக்குத் தெரியும். கத்தாத ஊசியை அவன் பார்த்ததில்லை.

“குனிஞ்சு பாரு” என்றாள்.

“பாப்பா, நான் வேணும்னு…”

“குனிஞ்சு பாருன்னேன்.”

அண்ணன் குனிந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். ஈரத்தாள் கிழிந்தது மாதிரி இருந்த அந்தப் பிளவு அவன் கண்ணிலும் பட்டது. மூச்சை உள்ளே இழுத்தான்.

“இவ்வளவு மெல்லிசாவா வளருது?”

“இவ்வளவு மெல்லிசாத்தான் வளரும். நீ உருவிட்டியே, அந்த அட்டை இருந்ததால வளர்ந்துச்சு. இந்த மீனுக்கு ஒரு சீக்கும் இல்ல. அந்த மீனுக்கும் ஒரு சீக்கும் இல்ல. உன் கைதான் சீக்கு. ரெண்டு தடவையும் உன் கை.”

“நல்லதுக்குத்தானே…”

“உன் நல்லதுல ரெண்டு வால் போச்சு. விரல் ஒடிஞ்ச அன்னைக்கும் நீதான் வந்தே. ‘அனுசரிச்சுப் போ பாப்பா’ன்னு என்னைத் திரும்பவும் அதே வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தே. ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் நடுவுல இருந்த அட்டையை உருவினது நீதான்.”

அண்ணன் நிமிர்ந்தான். கையில் சாவிக் கொத்து மட்டும் சலசலத்தது.

ஊசி பிஸ்கட் ஜாடியைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். இலையும் உப்பும் ஒரு பையில் போட்டு அவன் மணிக்கட்டில் மாட்டினாள். “நீ ஜோடின்னு கேட்டு வாங்கினது. நீயே கொண்டு போய் வளர்த்துக்கோ. அண்ணிகிட்ட எப்படிப் பாக்கணும்னு சொல்லிடுறேன். மாப்பிள்ளையைப் பத்திரமா கூட்டிட்டுப் போ.”

“எந்த மாப்பிள்ளையை?”

“ஜாடி ஆடக்கூடாது. வண்டித் தரையில வைக்கக்கூடாது, சூடு ஏறும். நீ வண்டி ஓட்டணும், மடியில வச்சுக்க முடியாது. பக்கத்து சீட்டுலதான் வச்சு பெல்ட் போடணும். உன் வண்டியில ரெண்டு சீட்டுதான். எந்த மாப்பிள்ளையை ஏத்துறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ.” கையை நீட்டினாள். “அதுக்கு முன்னாடி சாவி.”

அண்ணன் கொத்திலிருந்து சாவியைக் கழற்ற முயன்றான். ஒரு கையில் ஜாடி, மறு கையில் நகம் நுழையாத வளையம். அவள் உதவவில்லை. தடுமாறித் தடுமாறிக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கினான்.

ஊசி ஜன்னலில் நின்றாள். கீழே வண்டிக் கதவு திறந்தது. அண்ணன் ஏதோ சொன்னான். அந்த ஆள் ஜாடியைக் காட்டி ஏதோ கேட்டான். அண்ணன் மறுபடி சொன்னான். அந்த ஆள் இறங்கினான். கையை வீசி வீசிப் பேசினான். மனசு மாறின ஆள் மாதிரி இல்லை இப்போது, பழைய ஆளாகவே இருந்தான். அண்ணன் அவனைச் சட்டை செய்யாமல் ஜாடியை சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, தன் தோள் துண்டை உருவி ஜாடியைச் சுற்றி அண்டக்கொடுத்தான். வண்டி புறப்பட்டு நடைவேகத்தில் நகர்ந்தது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். அண்ணன் வேகத்தைக் கூட்டவில்லை.

அந்த ஆள் நடுத்தெருவில் நின்று மேலே பார்த்தான். ஊசி ஜன்னலை மூடவில்லை, ஒளியவும் இல்லை. அவன் பஸ் நிறுத்தத்தின் பக்கம் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதோடு அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் தப்பு. தீரவில்லை. ஏன் தீரவேண்டும்? தொரைக்கு மறுபடி முதலிலிருந்து தண்ணீர் மாற்றினாள், இலை போட்டாள், சும்மா இருந்தாள். வால் வளர்ந்தது. ஆனால் பழைய நீலம் வரவில்லை. வளர்ந்த பகுதி மட்டும் வெளிறி, சாயம் ஒத்துப்போகாத ஒட்டுத்துணி மாதிரி நின்றது. வாடிக்கைக்காரர் யாரும் இப்படி ஒரு ஒட்டை ஏற்கமாட்டார். தொரை அதை வைத்துக்கொண்டே எவன் எனக்குச் சமம் என்று உலாத்தியது.

அண்ணன் இப்போது வந்தால் கதவைத் தட்டுகிறான். பாதி நாள் போனில்தான் பேச்சு.

“பாப்பா, மாப்பிள்ளை நாள் பூரா செவுளை விரிச்சுக்கிட்டே முட்டுறான். வால் மறுபடி கிழியுது. இங்க எதிர்ல எந்த மீனும் இல்லையே!”

“எங்க வச்சிருக்கே?”

“ஷோகேஸ்லதான். அழகா இருக்கும்னு.”

“பின்னாடி முகம் பாக்குற கண்ணாடி இருக்கா?”

அந்தப் பக்கம் ஷோகேஸ் கதவை இழுக்கிற ஓசை வந்தது. பிறகு அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது.

“கண்ணாடியில அவனையே அவனுக்கு ஜோடியா வச்சிருக்கியா!” ஊசி போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். “எடுத்து வெளிய வைண்ணே! தனியா! தனியான்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தனியா!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். தொரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உன்னைச் சொல்லல தொரை. நீ உன் வேலையைப் பாரு.”